முப்பது கிலோவுக்குள்

பிப்ரவரி 1, வியாழன்

டிக்கெட் வந்துவிட்டது. பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று ஐந்துக்குத் திருச்சியிலிருந்து நேராகத் துபாய். மரகதத்தின் ஃபோனில் வந்ததை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து மூன்று தடவை படித்தேன். பெட்டிக்கு முப்பது கிலோ. கைப்பைக்கு ஏழு கிலோ. இரண்டுக்கும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டேன்.

போகிறவள் என் மனைவி மரகதம் மட்டும். எங்கள் மகளுக்கு மார்ச் முதல் வாரம் பிரசவமாம். எங்கள் மகள் என்று எழுதிவிட்டேன். அவள் மகள். அடித்து எழுதினால் பக்கம் அசிங்கமாகிவிடும், இருக்கட்டும்.

நான் போகவில்லை. என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போவதாக இல்லை. ஆனால் ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவன் வீட்டிலிருந்து போகிற பெட்டி, கவுண்டரில் எடை கூடி நடுக்கூடத்தில் திறந்து கிடக்கக் கூடாது. மூட்டை கட்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்கும் இந்தப் பயணத்துக்கும் உள்ள சம்பந்தம்.

பிப்ரவரி 3, சனி

பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கினால் எண் காட்டுகிற தராசு ஒன்று வாங்கி வந்தேன். காலி பெட்டியே ஐந்து கிலோ நூறு கிராம். ஆக இருபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சாமான் வைக்க முடியும். இதை மரகதத்திடம் சொன்னபோது, "பெட்டிய விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா?" என்றாள். எகத்தாளம்.

தராசு சரியா என்று பார்க்க வீட்டில் உள்ளதையெல்லாம் தூக்கிப் பார்த்தேன். குக்கர், தலையணை, இஸ்திரிப் பெட்டி. ஐந்து கிலோ அரிசிப் பை 4.96 காட்டியது. தராசு சரி, அரிசிக் கடைக்காரன்தான் சரியில்லை. மத்தியானம் படுத்தும் தூக்கம் வரவில்லை. எழுந்து இன்னொரு தடவை குக்கரைத் தூக்கிப் பார்த்தேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

இன்று மரகதத்துக்கு விதிகளை வரிசையாக விளக்கினேன். ஃபோன் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெட்டியில் வைத்தால் எடுத்துவிடுவார்கள். எண்ணெய், ஊறுகாய், நெய் மாதிரி ஒழுகுகிறவை கைப்பையில் கூடாது. கத்திரிக்கோல், அரிவாள்மனை பெட்டிக்கு. கொப்பரைத் தேங்காய் எதிலுமே கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்குமாம்.

"சுடரும் ஒரு லிஸ்ட் அனுப்பிருக்கா, அந்த ஊருக்குள்ள எதெது கொண்டு வரக்கூடாதுன்னு. கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்களேன், எழுத்து பொடிசா இருக்கு" என்று ஃபோனை நீட்டினாள்.

சுடர் என்பது சுடர்க்கொடி. மகள்.

"எனக்குப் பாடம் எடுக்க யாரும் வேண்டாம். கம்பெனி விதி என்கிட்ட இருக்கு" என்றேன். ஃபோனை வாங்கவில்லை. மரகதம் கண்ணாடியைத் தேடி எடுத்து, வாயசைத்து எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

படையெடுப்பு தொடங்கிவிட்டது. மரகதத்தின் தங்கை சௌந்தரம் தஞ்சாவூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாள். முறுக்கு இரண்டு கிலோ, பருப்புப் பொடி, பிரசவ லேகியம், சுண்டைக்காய் வற்றல், பழைய வேட்டித் துணி ஒரு கட்டு. எல்லாவற்றையும் தராசில் மாட்டினேன். ஆறு கிலோ எழுநூறு.

"என்ன மாமா, மீன் மார்க்கெட்ல நிக்கிற மாதிரி நிக்கிறீங்க" என்றாள்.

"ஏரோபிளேன்காரன் உன் அத்தை மகன் இல்ல, பாத்துப் போட்டுக்கிறதுக்கு" என்றேன். சிரித்தாள். ஆனால் ஒன்றையும் திருப்பி எடுத்துப் போகவில்லை.

சாயங்காலம் எதிர்வீட்டு வேதவல்லி வந்தார். அவர் மகன் அபுதாபியில் இருக்கிறான். பழுப்பு டேப் சுற்றிய ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, "சுடர் வீட்டுல வச்சிருந்தா அவன் வந்து வாங்கிக்குவான்" என்றார். உள்ளே என்ன என்று கேட்டேன். "சும்மா திங்கிற சாமான்தான்" என்றார். பிரித்துக் காட்டுங்கள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

எனக்கு வருத்தம்தான். ஆனால் அடுத்தவர் கட்டிய பொட்டலத்தைப் பார்க்காமல் பெட்டியில் போடுவது முதல் குற்றம். பார்சல் ஆபீஸில் இதைச் சொல்லியே எனக்குக் கெட்ட பெயர். பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மரகதம் சாப்பாடு போடும்போது குழம்புக் கரண்டியைத் தட்டில் ஒரு தட்டு தட்டினாள்.

அதற்குப் பிறகும் அவளை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். "கவுண்டர்ல கேப்பாங்க. இந்தப் பெட்டிய நீங்களே அடுக்குனீங்களா? என்ன சொல்லணும்?"

"ஆமா."

"யாராச்சும் எதையாச்சும் குடுத்தாங்களா?"

"இல்ல."

"தயங்காம சொல்லணும். தயங்குனா சந்தேகப்படுவான்."

"உங்ககூட முப்பத்தஞ்சு வருஷம் குடித்தனம் பண்ணிருக்கேன். தயங்காம பொய் சொல்ல வரும்" என்றாள்.

பிப்ரவரி 7, புதன்

முதல் அடுக்கல். 36.4.

பிப்ரவரி 8, வியாழன்

பெட்டியின் நான்கு பக்கமும் விலாசம் ஒட்ட வேண்டும். ஒரே மாதிரி கறுப்புப் பெட்டிகள் நூறு வரும், எவனாவது மாற்றித் தூக்கிப் போய்விடுவான். அட்டை வெட்டி, தடித்த ஸ்கெட்ச் பேனா எடுத்து உட்கார்ந்தேன். இந்த ஊரில் என் பெயர், என் நம்பர். அந்த ஊரில் யார் பெயர்?

"சுடர் பேரும் நம்பரும் எழுதுங்க. வேற யாரு பேரு எழுதுவீங்க?" என்று கேட்டாள் மரகதம்.

எழுதினேன். முதல் அட்டை கோணிவிட்டது. இரண்டாவதில் மை பரவிவிட்டது. மூன்றாவதில் ஒரு எண் விட்டுப்போனது. பேனா சரியில்லை. மொத்தம் ஒன்பது அட்டை எழுதித்தான் நான்கு தேறியது. தேறாததைக் கிழித்துப் போட மனம் வராமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறது, எதற்காவது உதவும்.

"ஜெரால்டு பேரும் போட்டுருங்களேன்" என்றாள்.

அவளைக் கட்டிக்கொண்டவன் பெயர். இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

இன்று வேலை ஒன்றும் ஓடவில்லை. வாசலுக்கும் பெட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தேன்.

டைரியில் எழுதாமல் விட்டால் மட்டும் நடந்தது இல்லை என்றாகிவிடுமா? எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் கூட வேலை பார்த்த பையனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வேறு மதம், வேறு ஜாதி. அது எனக்கு எத்தனை பங்கு கோபம், என்னிடம் முதலில் சொல்லவில்லை என்பது எத்தனை பங்கு கோபம் என்று இன்றைக்கும் பிரித்து எடை போட முடியவில்லை. மறுநாள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. "எனக்குப் பொண்ணு இல்ல" என்று உள்ளேயிருந்து சத்தமாகச் சொன்னேன். தெருவே கேட்டது. வெயிலில் அரை மணி நேரம் நின்றார்கள். அந்தப் பையன் தன் கைக்குட்டையை அவள் தலையில் போட்டுவிட்டான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. திரை போட்டிருந்தது.

அன்றிலிருந்து பேச்சு இல்லை. முதல் இரண்டு வருஷம் பொங்கலுக்கும் என் பிறந்த நாளுக்கும் ஃபோன் வரும். எடுக்கவில்லை. பிறகு வருவது நின்றுவிட்டது. நிற்கத்தானே எடுக்காமல் இருந்தேன். நின்றதும் ஏன் அப்படிப் பத்திக்கொண்டு வந்தது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

கொல்லைப்பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மரகதம் சமையலறையில் சுடரிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள். வேண்டாம் என்றாலும் காதில் விழும்.

"வாய்க்கு ஒன்னுமே புடிக்கலம்மா. கறிக்குழம்பு சாப்பிடணும்போல இருக்கு. அப்பா வைக்கிற கறிக்குழம்பு."

"அதுக்கு நான் எங்கடி போவேன்? அவர் பொடி அரைக்கிற பக்குவம் எனக்கு வராதே. அளவு கேட்டா சொல்லவும் மாட்டார், பெரிய ராணுவ ரகசியம்."

"சரி விடும்மா. சும்மா ஞாபகம் வந்துச்சு, சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமைக் கறி எங்கள் வீட்டில் என் வேலை. மல்லியும் மிளகாயும் கடையில் பொறுக்கி, தனித்தனியாக வறுத்து, மில்லில் பக்கத்தில் நின்று அரைப்பேன். சின்ன வயதில் அவள் சட்டியைச் சோறு போட்டுத் துடைத்துச் சாப்பிடுவாள். அடிச்சட்டி அவளுக்குத்தான், நான் கூடப் பங்கு கேட்கக் கூடாது.

தண்ணீர்க் குழாயை மூடிவிட்டுக் கடைக்குப் போனேன். வீட்டில் மசாலாப் பொடி தீரும் நிலையில் இருந்தது. மல்லி அரைக் கிலோ, மிளகாய், மிளகு, சோம்பு, சீரகம், பட்டை, கிராம்பு, கசகசா நூறு, கல்பாசி, மஞ்சள். வாங்கி வந்தேன்.

"அரை டப்பா பொடி இருக்கே?" என்றாள் மரகதம்.

வாசம் போய்விட்டது என்றேன்.

பிப்ரவரி 12, திங்கள்

மரகதம் கோயிலுக்குப் போன நேரத்தில் வறுத்தேன். மல்லி ஒரு நிமிஷம் கூடப் போனாலும் கசக்கும். முதல் வறுப்பு எனக்குத் திருப்தி இல்லை, தனியாக எடுத்து வைத்துவிட்டு மறுபடி வாங்கி வந்து வறுத்தேன். மில்காரர், "என்ன சார், வீட்ல விசேஷமா? இவ்ளோ பாத்துப் பாத்து அரைக்கிறீங்க" என்றார். இல்லை என்றேன்.

பொடி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட வந்தது. வாசனை சரியாக இருந்தது.

பிப்ரவரி 13, செவ்வாய்

குறைத்துக் குறைத்து 29.8. ஒரு கிலோவுக்கு இடமே இல்லை. பெட்டியைப் பிரித்தேன். சௌந்தரத்தின் முறுக்கில் பாதிக்கு மேல் எடுத்து என் மேஜை இழுப்பறையில் போட்டேன். அது எடைக்கு எடை வெறும் காற்றும் மாவும், பெட்டிக்குள் நொறுங்கித்தான் போகும். காலையிலிருந்து ஏழு தின்றுவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 14, புதன்

28.6. இடம் இருக்கிறது.

பிப்ரவரி 15, வியாழன்

கடைசி அடுக்கல். கனமான சாமான் சக்கரத்தின் பக்கம், துணி நடுவில், உடைகிறது துணிக்குள். மரகதம் குளிக்கப் போனதும் பொடியை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாய் முறுக்கி, நூல் கட்டி, ஒரு துண்டில் சுருட்டிக் கீழ்மூலையில் வைத்தேன். மூலையில் பொந்து இருந்தால் பெட்டி நசுங்கும். எதையாவது வைத்து அடைக்கத்தான் வேண்டும்.

அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு நான் தயாராக இல்லை. அங்கே போய்ப் பிரிக்கிறபோது அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். யார் வைத்தது என்று வாசனையே சொல்லும்.

29.7. பூட்டி, மேலே நைலான் கயிறு போட்டுக் கட்டினேன்.

"சுடர்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டாள் மரகதம்.

"திரும்பி வரும்போதும் முப்பதுதான். அங்க கண்டதையும் வாங்கி அடைக்க வேணாம்னு சொல்லு" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

சாயங்காலம் மணி ஏழு. இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலை ஏழரைக்கெல்லாம் ஏர்போர்ட் போய்விட்டோம். டிக்கெட் இல்லாதவன் உள்ளே போக முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மரகதம் தனியாகப் போனது எனக்கு என்னவோ போல் இருந்தது. அரை மணி கழித்து ஃபோன் செய்தாள். "இருபத்தொம்போது புள்ளி ஏழுங்க. அந்தப் பொண்ணு நல்லா அடுக்கிருக்கீங்கம்மான்னு சொல்லுச்சு." எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விமானம் ஏறுகிற வரை வெளியிலேயே நின்று, அது தலைக்கு மேல் போனதையும் பார்த்துவிட்டுத்தான் டாக்ஸிக்கு வந்தேன்.

டாக்ஸி ஓட்டியவர் ஷாஜகான். எங்கள் பகுதிக்காரர், ஒன்பது வருஷம் ஷார்ஜாவில் லாரி ஓட்டியவர். நான் நல்ல மனநிலையில் இருந்ததால் பெட்டி அடுக்கிய பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"சமையல் சாமான்லாம் குடுத்து விட்டீங்களா சார்?"

"கறிமசாலா. நானே அரைச்சது" என்றேன். இந்த உலகத்தில் முதலில் அவரிடம்தான் சொன்னேன்.

"கசகசா போடாமத்தான சார்?"

"அது இல்லாம எப்படி?"

ஷாஜகான் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். "அங்க கசகசா போதை மருந்து கணக்கு சார். நம்மூரு மளிகைக்கடைச் சாமான்னு சொன்னா கேக்க மாட்டான். என்கூட ரூம்ல இருந்த கடலூர்க்காரன், அவங்கம்மா அரைச்சுக் குடுத்த குருமாப் பொடிக்கு எட்டு நாள் உள்ள இருந்தான். அம்மாவுக்குத் தெரியுமா, பொடி இருக்கிறது?"

தெரியாது. அவளுக்குத் தெரியவே தெரியாது. கேட்டால் தயங்காமல் இல்லை என்று சொல்வாள். நான்தானே சொல்லிக் கொடுத்தேன்.

மணி பன்னிரண்டு பத்து. நம்ம ஊர் நேரத்துக்கு மூன்று இருபதுக்கு விமானம் இறங்கும். மரகதத்துக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். விமானக் கம்பெனிக்கு அடித்தேன். ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், நான்கை அழுத்தச் சொன்னார்கள், பாட்டுப் போட்டார்கள். வண்டியைத் திருப்பிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கே போனோம். வாசல் காவலர், "பெட்டி பறந்துருச்சு பெரியவரே, இங்க சொல்லி என்ன பண்ண?" என்றார். நியாயமான கேள்விதான்.

இனி ஒரே வழிதான் இருந்தது. அது எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டே கம்பெனிக்கும் காவலருக்கும் அரை மணி நேரம் வீணாக்கினேன். என் மனைவியை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டு அப்போதும் வீம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நம்பரைத் தேட வேண்டியிருக்கவில்லை. ஒன்பது அட்டையில் எழுதியது. எதிரே டீக்கடை வேப்பமரத்தடியில் நின்று அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

அப்பா என்று சொல்லவில்லை. ஹலோ என்றும் சொல்லவில்லை. "அம்மாவுக்கு என்னாச்சு?" என்றாள்.

என் நம்பரைப் பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது அதுதான். சாவுச் செய்தி சொல்ல மட்டும்தான் நான் கூப்பிடுவேன் என்று இந்த ஆறு வருஷத்தில் என் மகளுக்குப் பழக்கி வைத்திருக்கிறேன்.

"அப்பா! சொல்லுங்கப்பா! அம்மாவுக்கு என்ன?"

"ஒன்னும் இல்லம்மா. நல்லா இருக்கா. பிளேன் ஏறிட்டா. பெட்டியில கசகசா இருக்கு."

"இருக்காதே. நான் லிஸ்ட்ல முதல்லயே போட்டு அனுப்பிருக்கேன். அம்மா வைக்க மாட்டாங்க."

"அம்மா வைக்கல. நான் வச்சேன். அவளுக்குத் தெரியாது. கறிமசாலா. ஒரு கிலோ. கீழ்மூலையில, துண்டுக்குள்ள."

"நீங்களா? எதுக்குப்பா?"

"நீ கேட்டேன்னு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஆனால் பேசியபோது குரல் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு அவள் அம்மாவிடமிருந்து வந்தது. "சரி. அவர் ஏர்போர்ட்டுக்குக் கெளம்பிட்டிருக்கார். நான் சொல்றேன். நாமளே முன்னாடி போய்ச் சொல்லிட்டா ஒரு மாதிரி, அவங்களா எடுத்தா வேற மாதிரி. நீங்க ஃபோன்ல சார்ஜ் இருக்கான்னு பாருங்க. யாருக்கும் அடிக்காதீங்க, லைன் ஃப்ரீயா இருக்கட்டும்."

"நீ டென்ஷன் ஆகாத. உனக்கு இந்த நேரத்துல..."

"வைங்கப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு ஐந்து மணி நேரம். வீட்டுக்குப் போக மனமில்லை. ஷாஜகானும் என்னை விட்டுப் போகவில்லை. பரோட்டா வாங்கி வந்து கொடுத்தார், பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. டீக்கடைக்கும் ஏர்போர்ட் வாசலுக்கும் நடந்தேன். தார் ரோட்டில் செருப்பு தேய்ந்தது. யார் யாரோ பெட்டியோடு உள்ளே போனார்கள். ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்தி உள்ளே என்ன என்று கேட்க வேண்டும் போல இருந்தது. மூன்று இருபது ஆனது. நான்கு ஆனது. நான்கே முக்காலுக்கு மரகதத்துக்கு அடித்தேன், மணி போனது, அவள் எடுக்கவில்லை. காக்கிச் சட்டைக்காரர்கள் நடுவில் அவள் கண்ணாடியைத் தேடிக்கொண்டு நிற்பது போலவே இருந்தது. அன்றைக்கு அந்த லிஸ்ட்டை வாங்கிப் படித்திருந்தால் என்ன குறைந்து போயிருப்பேன்? இரண்டு நிமிஷ வேலை.

ஐந்து முப்பத்தைந்துக்குத் தெரியாத நம்பர் ஒன்று வந்தது.

"மாமா, நான் ஜெரால்டு பேசறேன். அத்தை வெளிய வந்துட்டாங்க. ஒன்னும் பயமில்ல."

நான் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். விமானம் இறங்குவதற்கு முன்பே கம்பெனி கவுண்டரில் போய் மன்றாடி, அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண்ணை உள்ளே அனுப்பியிருக்கிறார். பெட்டி வந்ததும் அந்தப் பெண்ணே மரகதத்தை அதிகாரியிடம் கூட்டிப் போய், வீட்டுக்காரர் தெரியாமல் வைத்தது என்று சொல்லியிருக்கிறாள். பெட்டியைப் பிரித்தார்கள். பொடியை எடுத்துக்கொண்டார்கள். ஜெரால்டை உள்ளே கூப்பிட்டு ஒரு காகிதத்தில் எழுதி வாங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க வைத்துவிட்டு விட்டார்கள்.

அதற்குள் மரகதம் ஃபோனைப் பிடுங்கிவிட்டாள். "இந்தப் பெட்டிய நீங்களே அடுக்குனீங்களான்னு கேட்டான். ஆமான்னு தயங்காம சொன்னேன். அவன் துண்ட உதறுனான். உங்க பொடி! ஊரே மணந்துச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. வேதவல்லி பொட்டலத்த பிரிச்சுக் காட்டச் சொன்ன மனுசனா நீங்க?"

"தப்புதான் மரகதம்" என்றேன். இந்த வார்த்தையை அவளிடம் இதற்கு முன் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவளுக்கும் இல்லை போலிருக்கிறது. திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"இந்தாங்க, அவர்கிட்டப் பேசுங்க" என்று சொல்லி ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜெரால்டு கொஞ்சம் தயங்கினார். "மாமா, சுடர் ஃபோன் பண்ணிக்கிட்டே இருக்கா. அந்தப் பொடி போயிருச்சேன்னு அழறா. இங்க எல்லாச் சாமானும் கிடைக்கும். நீங்க அளவு மட்டும் சொன்னீங்கன்னா நானே வறுத்து அரைச்சுக் குடுத்துருவேன். கசகசா மட்டும் இல்லாம செய்ய முடியுமா?"

மரகதத்துக்கே சொல்லாத அளவு அது. மடமடவென்று சொன்னேன். மல்லி எவ்வளவு, மிளகாய் எவ்வளவு, மிளகை வறுத்ததும் உடனே கொட்டி ஆற வைக்க வேண்டும், மல்லியை மட்டும் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். அவர் எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. ஏர்போர்ட் நடுவில் எதில் எழுதினாரோ.

"கசகசா இல்லாட்டிக் கொழம்பு கெட்டியா வராது. அதுக்கு ஒன்னும் இல்ல, இறக்குறதுக்கு முன்னாடி பத்து முந்திரி அரைச்சு ஊத்துங்க மாப்பிள்ளை, சரியாப் போயிரும்" என்றேன்.

எழுதுகிற சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பக்கம் மூச்சுப் பேச்சே இல்லை. லைன்தான் கட்டாகிவிட்டது என்று நினைத்து, நான் எழுந்து நின்று, டீக்கடையே திரும்பிப் பார்க்கும்படி ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தேன்.